பின்னால் சுவர்

வீட்டுத்திட்ட வீட்டு மண்டபத்தில்
ஐம்பது லென்ஸ் சரிவராது.
முதுகு சுவரில் முட்டியபிறகும்
மணவறையின் ஒரு தூண் வெளியில் நிற்கும்.
கொழும்புக் கடைக்காரன் போனில் சொல்கிறான்:
முகத்துக்கு எண்பத்தைந்து எடுங்கோ தங்கச்சி,
பின்னணி அப்படியே வெண்ணெய் மாதிரிக் கரையும்.
அண்ணை,
இஞ்ச ஒருத்தரும் பின்னணியைக் கரைக்கக் காசு தாறேல்லை.
பூசின சுவர் தெரியவேணும்.
பூசாத சுவர் தெரியக்கூடாது.
கனடா மாமா ரெண்டு காதோடையும் தெரியவேணும்.

முப்பத்தைந்தை வாங்கினேன்.
ஓரத்தில் நிற்பவர்களைச் சற்றுக் கொழுக்கவைக்கும்.
இதுவரை முறைப்பாடு இல்லை.

எத்தினை பொடி வைச்சிருக்கிறியள் என்று கேட்டான்.
கமராப் பொடியைத்தான் கேட்டான்.
அம்மா அடுப்படியில் கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தா.
அந்தச் சொல்லை எங்கள் பக்கம்
வேறொன்றுக்குப் பாவித்துப் பாவித்து
மிச்சம் வைக்கவில்லை.
இரண்டு கமரா, என்றேன்.

இரண்டு ஏனென்றால் கிரவல்.
மாங்குளத்தில் திரும்பி மல்லாவி போய்ச் சேர்வதற்குள்
ஸ்கூட்டியின் நிறமே மாறிவிடும்.
அந்தக் காற்றில் லென்ஸைக் கழற்றினால்
சென்சரில் ஒரு மணி குந்தும்,
பிறகு அந்தப் பருவத்து மணப்பெண்கள் எல்லோருக்கும்
நெற்றியில் ஒரே இடத்தில் ஒரே மச்சம்.
ஆகவே டிஜிட்டலில் முப்பத்தைந்து, நிரந்தரமாக.
ஐம்பது பழைய பிலிம் கமராவில்.
பற்றரி செத்தாலும் ஷட்டர் அடிக்கும் இரும்பு.
மாரியில் பூஞ்சணம் பிடிக்காமல்
வறுத்த அரிசியோடு பேணிக்குள் தூங்கும்.
லீசிங்காரனுக்கு அதை விளங்கப்படுத்த முடியவில்லை.
எனக்கும்தான்.

நாகபூசணியக்காவின் மகளுக்குக் கலியாணம்.
ஆயிரத்து எண்ணூறு படம்.
ஒவ்வொரு பத்துக்கும் திரைக்கு மேல் ஆறு தலை.
மூக்குப் பெரிசு, அழி.
சிரிப்புக் கூடிப்போச்சு, அழி.
எல்லோரும் பந்திக்குப் போனபின்
அக்கா வந்தா. குசினிக்குப் பின்னால்
இரண்டு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் போட்டு
ஒன்றில் இருந்தா.
மற்றக் கதிரையை வெட்டாமல் எடு பிள்ளை.
எடுத்திட்டுக் காட்டாதை.

காட்டாமல் எடுப்பதற்கு ஒன்றுதான் இருந்தது.
பேணியைத் திறந்தேன்.
அன்று முழுதும் முதல்முறையாகப்
பின்னால் போக இடமிருந்தது.
முருங்கை மட்டும் போனேன்.
நூற்றிருபத்தைந்து, ஐந்து தசம் ஆறு.
ஐந்து மணி வெயில் இரண்டு கதிரையிலும் சமமாக.
ஒரே ஒரு தரம்.

மிச்ச ரோலை வழியில் மாட்டுக்கும் குளத்துக்கும் செலவழித்தேன்.
முப்பத்தாறு வந்தது.
முப்பத்தேழு.
முப்பத்தெட்டில் கை குளிர்ந்தது.
சுருட்டும் பிடி
எதையும் இழுக்காத தூண்டில்போலச் சுற்றியது.
பின்கதவைத் திறந்தால்
பிலிமின் நாக்கு பல்லில் மாட்டவே இல்லை.
குப்பியை விட்டு வெளியே வராமல்
கலியாணம் முழுக்க உள்ளேயே இருந்திருக்கிறது.
எண்காட்டி பொய் சொல்லவில்லை.
அது என் பெருவிரலைத்தான் எண்ணும்.

டிஜிட்டல் என்றால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும்.
ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு கிழமை போனை எடுக்கவில்லை.
பிறகு ஒரு செவ்வாய் போனேன்.
அக்கா கச்சான் உடைத்துக்கொண்டிருந்தா.
சொன்னேன்.
நல்லதாப் போச்சு, என்றா.
அண்டைக்குக் கண்ணை மூடிப்போட்டன் எண்டு
எனக்கு நித்திரையே இல்லை.

அதே கதிரைகள்.
மற்றதில் மருமகனின் ஹெல்மெற்.
எடுக்கட்டோ என்றேன்.
கிடக்கட்டும்.
இந்தமுறை உடனை பாக்கிறதிலை எடு.

முப்பத்தைந்தோடு கிட்டப் போனேன்.
திரையைச் சீலைத் தலைப்பால் மறைத்துப் பிடித்து
அக்கா தன் முகத்தைத் தாண்டிப்போனா.
கச்சான் தோல் ஒட்டிய விரலால்
கதிரையைப் பெருப்பிக்கச் சொன்னா.
கீழே.
இன்னும் கீழே.
நாலு காலும் வந்திருக்கு,
என்றுவிட்டுச் சுளகை எடுத்தா.