வருகையாளர் கணக்கு

கவுண்டி அலுவலகம் எனக்குத் தந்தவை
ஒரு மடக்கு நாற்காலி, ஒரு மழைக்கோட்டு,
ஏழு கட்டம் போட்ட தாள்.
ஆளுக்கொரு கோடு,
ஐந்தாவது ஆளுக்குக் குறுக்கே ஒரு வெட்டு.
கோடைக்குள் ஆயிரம் தேறினால் டப்ளின் பணம் அனுப்பும்.
தேறாவிட்டால் பலகைகளுக்குப் பெயின்ட்கூடக் கிடையாது.

திங்கள், மடாலயம்.
கூரை போய் முந்நூற்றெழுபது வருஷம்,
பூட்டு மட்டும் புதிது.
சாவி எதிர்வீட்டு அட்ராக்டா மல்வியிடம்.
அவள் கோழிகளுக்குத் தீனி இறைத்து,
வானொலியில் இரங்கல் அறிவிப்பைக் கடைசிப் பெயர்வரை கேட்டு,
யார் யார் போனார்கள், எந்தக் கோயிலில் அடக்கம்
என்று எனக்கும் ஒப்பித்துவிட்டுத்தான்
ஏப்ரன் பைக்குள் கைவிட்டாள்.
மூன்று கோடு:
ஒரு டச்சுத் தம்பதி, அவர்கள் நாய்.
பிறகு நாயை அழித்தேன்.
அழித்த இடம் தாளில் சாம்பலாய் நிற்கிறது.

செவ்வாய், எழுத்துக்கல்.
விளிம்பில் வெட்டு வெட்டாய், ஒன்று இரண்டு மூன்று நாலு ஐந்து,
இன்னார் மகன் இன்னார்
என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை,
ஆயிரத்தைந்நூறு வருஷமாய்.
என் தாளிலும் அதே கோடுகள்தாம்.
யாருக்கு யார் மகன் என்றுதான் சொல்ல வராது.
வயல்காரர் ஃபின்டன் காஃப்னி
தன் காளை பரம சாது என்றார்,
வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி.
நானும் அந்தப் பக்கம் போய் நின்றேன்.
பூஜ்யம்.

புதன், வியர்வைக் குடில்.
தேன்கூடு மாதிரி ஒரு கற்குகை,
மூட்டுவலிக்காரர்களை உள்ளே வைத்துக்
கரிநிலத் தணலில் வாட்டிய இடம்.
இறைச்சி ஆலையில் எலும்பு அறுக்கும் எவாண்ட்ரோ,
பிரேசில்காரர், விடுப்பு நாளில் வந்தார்.
தவழ்ந்து உள்ளே போனவர் அரைமணியாக வரவில்லை.
குனிந்து பார்த்தேன், தூங்குகிறார்.
வெளியே வந்து முழங்கால் மண்ணைத் தட்டினார்.
"உள்ளே எந்திரச் சத்தம் இல்லை"
அவ்வளவுதான் சொன்னார்.
ஒரு கோடு, கொஞ்சம் அழுத்தி.

வியாழன், மழை, புனிதக் கிணறு.
வழிதவறிய பள்ளிப் பேருந்து ஒன்று
முப்பத்திரண்டு பிள்ளைகளைக் கொட்டியது.
மருவுக்கு மருந்து இந்தத் தண்ணீர்.
முள்மரக் கிளையெல்லாம் கந்தல், ஜெபமாலை,
யாரோ கட்டிய கைப்பேசி சார்ஜர்.
"தொடாதீர்கள்" என்றார் ஆசிரியை.
தொடாத கை ஒன்றுமில்லை.
அவரும் கடைசியில்
கட்டைவிரலை நனைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.
முப்பத்து மூன்று.

வெள்ளி, பழைய ரயில் நிலையம்.
அங்கே இப்போது ஒரு குடும்பம் குடியிருக்கிறது.
என்னைக் கண்டதும் திரையை இழுத்துவிட்டார்கள்.
பயணச்சீட்டு ஜன்னலில் ஜெரேனியம்.

சனி, பஞ்சத்தில் செத்தவர்களின் வயல்.
கல் இல்லை, பெயர் இல்லை.
புல் மட்டும் மேடும் பள்ளமுமாய்.
எத்தனை பேர் என்று பலகை சொல்லத் தொடங்குகிறது:
'இங்கே சுமார்'
அதற்கப்பால் பெயின்ட் உரிந்து வெறும் மரம்.
காலையிலிருந்து ஒருவரும் வரவில்லை.
பென்சிலைச் சீவினேன்.
மறுபடி சீவினேன்.

நாலு மணிக்கு அட்ராக்டா வந்தாள்,
புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டு.
உன்னை எண்ணலாமா என்றேன்.
"எண்ணுவதென்றால் எண்பத்தேழிலிருந்து எண்ணு,
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை,
குளிர்காலம் நீங்கலாக.
இப்போது எழுந்திரு, நாற்காலிக்குக் கீழேயும் வெட்ட வேண்டும்."
எழுந்தேன்.
நாற்காலிக் கால்கள் இருந்த இடத்தில்
புல்லில் நாலு குழி.
அவள் அந்த இடத்தில் மட்டும்
எந்திரத்தை மெல்லத் தள்ளினாள்.

வாரக் கணக்கு முப்பத்தாறு.
ஏழாவது கட்டம், கோட்டை, காலி.
ஞாயிறன்று போனேன், பூட்டியிருந்தது.
சாவி யாரிடம் என்று
பலகையில் எழுதித்தான் இருந்திருக்கும்.