இரண்டாம் நம்பர் பம்பு

களுவாஞ்சிகுடியில் கடைசி பஸ்ஸும் போய்விட்டால்
மெயின் ரோட்டுக்கு நான்தான் சொந்தக்காரன்.
இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை
பெற்றோல் செட்டில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை,
எவ்வளவு கழுவினாலும் மணக்கும் கை.
ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில்
சம்பளம்கூடத் தூங்கிவிடும்.

முதல் விட்டிலை நான் தேடிப் போகவில்லை.
அதுவாக வந்து டீசல் மீற்றர் கண்ணாடியில்
லீற்றருக்கும் ரூபாய்க்கும் இடையே குந்தியது.
சாம்பல் நிறம்.
யாரோ பென்சில் சீவி
அந்தத் தூளைச் செட்டையில் ஊதிவிட்டது போல.
துடைக்கப் போன துணி
கையிலேயே நின்றுவிட்டது.

பிழைத்துப்போன பில் கொப்பியின் பின்பக்கம் கீறினேன்.
வெங்காயம் மாதிரி வந்தது.
அடுத்த இரவு இன்னொன்று:
சற்றே செட்டை வைத்த வெங்காயம்.
பதினோராம் இரவில்தான்
அது பறந்துவிடுமோ என்று
தாளை ஒரு கையால் மூடிக்கொண்டேன்.

பெயர் ஒன்றும் தெரியாது. நானே வைத்தேன்.
குறுக்குக்கோடன். மாவுக்காரி.
விடியப்போகையில் மட்டும் வரும் பிந்தியன்.
ஐஸ் லொறி ஜௌபர் காக்காவுக்கும் ஒன்று:
அவரைப் போலவே
பிரேக் பிடிக்காமல் வந்து தூணில் முட்டும்.
நிந்தவூரிலிருந்து வாழைச்சேனைக்குப் போகிறவர்,
பின்னால் ஐஸ் சொட்டச் சொட்ட,
"இண்டைக்கு ஆர் வந்த?" என்று கேட்டு
கொப்பியைப் பார்த்த பிறகுதான் டீசல் அடிக்க விடுவார்.

மனேஜர் குகநேசன் ஒருநாள் கேட்டார்:
"இதால என்ன மனே வரும்?"
சோளம் போட்டால் சோளம் வரும்.
விட்டில் கீறினால்
மூன்று மணி வரும், நான்கு மணி வரும்,
நான் எண்ணாமலே வரும்.
இதை அவருக்குச் சொல்லவில்லை.
"சும்மா சேர்" என்றேன்.

பிறகு மச்சாள் யசோதினி
படங்களைப் போனில் எடுத்து
மட்டக்களப்பில் கலண்டர் அடிக்கிறவருக்குக் காட்டினாள்.
ஒரு படம் ஐந்நூறு ரூபாய்.
வடிவானது மட்டும் வேண்டுமாம்.
மஞ்சள் இருந்தால் நல்லம், பச்சை இருந்தால் இன்னும் நல்லம்.

ஓர் இரவில் நான்கு கீறினேன்.
ஆறு கீறினேன்.
சாம்பல்காரர்களைத் துணியால் தட்டிவிட்டேன்.
வராத பச்சை ஒன்றை
என் பாட்டில் உண்டாக்கி
அதற்கும் ஐந்நூறு வாங்கினேன்.
மகனுக்குச் சப்பாத்து வந்தது, பொய் சொல்லக்கூடாது.

தை பிறந்தது. கலண்டர் முடிந்தது.
காசு நின்றது, கையும் நின்றது.
ஒரு சதமும் வராத நாட்களில்
ஒருபோதும் நிற்காத கை.
கதிரையில் இருந்து
மூன்று மணியை நிமிடம் நிமிடமாகத் தின்றேன்.
"ஆர் வந்த?" என்ற ஜௌபர் காக்காவுக்கு
"பாக்கல்ல" என்றேன்.
பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

அடுத்த மாரியில் ஓர் இரவு
வாடைக்காற்று கடல் பக்கமிருந்து தள்ள
ஊர் முழுக்கக் கரண்ட் போனது.
ஜெனரேற்றரில் எரிந்தது ஒரே ஒரு பல்ப்,
இரண்டாம் நம்பர் பம்புக்கு மேலே.
களுவாஞ்சிகுடியில் இருந்த செட்டை எல்லாம்
அங்கேதான் வந்தது.

அதில் ஒன்று மழையில் அடிபட்டது.
வலது செட்டையில் பாதி இல்லை.
நிறம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.
அழுக்குத் தண்ணீர் காய்ந்த மாதிரி.
எந்தக் கலண்டரும் இதைக் கேட்காது.
மீதிச் செட்டையின் ஓரத்தில்
மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு
நெளிந்து, நின்று, பிறகு மறுபடி
நெளிந்து போனது.

அது ஏன் நடுவில் நின்றது?

பென்சில் தேடினேன்.
காதில் இல்லை. லாச்சியில் இல்லை.
பில் எழுதும் பேனாவால் தொடங்கினேன்.
மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன்
எத்தனை தரம் ஹோர்ன் அடித்தானோ,
நனைந்தபடியே திட்டிவிட்டுப் போனான்.

காலையில் கணக்கில் பதினாறு லீற்றர் இடித்தது.
குகநேசன் கத்தினார். சரிதான்.
வீட்டுக்கு வந்து படுத்தேன்.
அந்தக் கோடு சரியாக வந்திருக்கிறது.
இடது கொம்புதான் இன்னும் வரவில்லை.

எட்டு மணிக்கு
இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?