ஏழாவது ரீல்

படிக்கட்டில் ஆர்மோனியம் உருண்டு வரும்,
ஒரு படிக்கு ஒரு சுரம்.
பெண்குரல் முதல் வரி எடுக்கும்.
அதற்குள் நான் முறுக்கு வாங்கப் போய்விட்டேன்.

அந்தப் படத்தில் அப்படிக் காட்சியே இல்லை
என்கிறாள் தங்கை பூங்கோதை.
சிடி போட்டு மூன்று தடவை பார்த்தாளாம்.

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு கேசட் கடையில்
முனகிக் காட்டினேன்.
"சளியா சார்?" என்றார் கடைக்காரர்.

பந்தயம் ஐந்நூறு ரூபாய்.
குடியாத்தத்துக்கே பஸ் ஏறிவிட்டேன்.

ஆபரேட்டராக இருந்த தஸ்தகீர் பாய்
தீப்பெட்டி பண்டல் எண்ணுவதை நிறுத்தாமல் கேட்டார்:
"ஆத்துல வெள்ளம் வந்த வருஷமா?
ஒரே பெட்டி, ரெண்டு ஊரு.
பேரணாம்பட்டுல ஓடி முடிஞ்ச ரீலு
மொபெட்ல வரணும். வரல.
கீழ ஒரே விசிலு.
மூலையில கெடந்த வேற படத்து ரீலை மாட்டிட்டேன்.
ஒருத்தனும் கேக்கல.
இருபத்தெட்டு... இருபத்தொம்பது...
நீதான் கேக்கற, அதுவும் இப்ப."

எந்தப் படம், பாய்?

"லேபிளே இல்லயேப்பா."

போன் செய்து தோல்வியை ஒப்புக்கொண்டேன்.
"அப்பவே சொன்னேன்ல" என்றவள்
குக்கரை இறக்கியபடி
ஏதோ முணுமுணுத்தாள்.
என் வரிக்கு அடுத்த வரி.

"ஏய், அது எப்படி உனக்கு?"

"எது?" என்றாள்.