பதினோராம் பக்கம்

டயர் கடைக்கு மேல்மாடி. படி செங்குத்து.
ஏறி வந்தவர் மூச்சு வாங்கி முடிக்கட்டும் என்று
முதலில் தண்ணீர், அப்புறம்தான் கப்பல்.
பகாவில் கடல் கிடையாது,
எந்தப் பக்கம் போனாலும் செம்பனை.
அதனாலோ என்னவோ
என் சுவரில் ஒட்டிய கப்பலை
விலை கேட்காமல் யாரும் தாண்டுவதில்லை.

படத்தைப் பார்க்காதீர்கள் என்பேன்.
எல்லாக் கப்பலும் வெள்ளை, எல்லாக் கடலும் நீலம்.
கையேட்டைப் பின்னாலிருந்து பிரியுங்கள்.
பதினோராம் பக்கம், எறும்பு ஊர்வது போல எழுத்து:
நீங்கள் போகாவிட்டால் என்ன ஆகும் என்று
அங்கேதான் போட்டிருக்கும்.
வா என்று கூப்பிடும்போது எவனும் நல்லவன்தான்.
வரவில்லை என்றால் எப்படி நடத்துகிறான்,
அதைப் பார்த்துக் கம்பெனியைத் தேர்ந்தெடுங்கள்.

மலிவாய் ஒரு சன்னல் அறை கேட்டார் ஆலைக் கிராணி சின்னமுத்து.
கடல் தெரியும் என்று எழுதியிருந்தது, பொய்யில்லை.
உயிர்காப்புப் படகின் ஆரஞ்சு வயிற்றுக்கு மேல்
ஒரு சாண் கடல் தெரிந்ததாம்.
நான்கு இரவும் அந்த ஒரு சாணைப் பார்த்துவிட்டு வந்தவர்
ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.
அன்றிலிருந்து
சன்னலுக்கு முன்னால் என்ன தொங்குகிறது என்று
நானே கேட்டு எழுதி வாங்குகிறேன்.

கடப்பிதழுக்கு இன்னும் ஆறு மாதம் உயிர் இருக்க வேண்டும்.
அதைப் பெட்டிக்குள் பூட்டி, பெட்டியை ஆளிடம் கொடுத்துவிட்டால்
அது கப்பலில், நீங்கள் கரையில்.
இஸ்திரிப் பெட்டி, சோற்றுக் குக்கர் எல்லாம் பிடுங்கி வைப்பார்கள்,
இறங்கும்போது துண்டுச் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம்.
ஆலை லோரி காத்திருக்கும். கல்யாண பஸ் காத்திருக்கும்.
கப்பல் காத்திருக்காது.
சிரம்பான் சாலையில் முன்னால் ஒரு மரலோரி போனால் போதும்,
கிள்ளான் துறைமுகம் வெளிநாடு.
முதல் நாளே போய்ப் படுங்கள்.

இத்தனையும் சொல்லித்தான்
கோமளாவுக்கும் அவள் புருஷனுக்கும் பதிந்து கொடுத்தேன்.
நாற்றுப் பண்ணையில் செம்பனைக் கன்று எண்ணுகிறவள்,
பதினெட்டு மாதச் சீட்டுப் பணம்.

புறப்பட இருபத்திரண்டு நாள் இருக்கையில்
தனியாய் ஏறி வந்தாள். தண்ணீர் வேண்டாம் என்றாள்.
"அவரு வரமாட்டாரு. கப்பலுக்கு மட்டும் இல்ல."

காப்புறுதித் தாளைப் புரட்டினேன்.
காய்ச்சல் இருந்தது, எலும்பு முறிவு இருந்தது, மரணம் இருந்தது.
வீட்டை விட்டுப் போனவனுக்கு ஒரு வரியும் இல்லை.
அவன் பெயரை அடித்தாலும் காசு வராது,
ஒற்றை ஆள் கட்டணம் என்று பெயர் மாறி அங்கேயே நிற்கும்.
கப்பலில் அறைக்குத்தான் விலை, ஆளுக்கில்லை.

"படுக்காத கட்டிலுக்குமா?"
"படுக்காத கட்டிலுக்கும்."
சிரித்துவிட்டாள்.
"வீட்டுலயும் அப்படித்தானே கட்டிக்கிட்டு இருந்தேன்."

நூறு வெள்ளி கட்டினால் வேறு பெயர் போடலாம்,
தங்கச்சி, கூட வேலை செய்கிறவள், யாராவது என்றேன்.
கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் நிற்கும்வரை யோசித்தாள்.
"வேணாம். ரெண்டுலயும் நானே மாத்தி மாத்திப் படுத்துக்கறேன்."

ஒன்று மட்டும் திரும்பி வந்தது.
அவன் பங்குத் துறைமுக வரி,
எண்பத்தாறு வெள்ளி நாற்பது காசு.
கால் வைக்காத துறைமுகத்துக்கு என்ன வரி?
ஆனால் கேட்க வேண்டும்,
கேட்காதவர்களுக்கு அதை யாரும் நினைவூட்டுவதில்லை.
மூன்று கடிதம் எழுதி நான் கேட்டேன்.
எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டாள்.

பாதிப் படி இறங்கியவள் திரும்பி ஏறி வந்து
கதவில் கை வைத்து நின்றாள், மூச்சு வாங்க.
"அக்கா, என் சன்னலுக்கு முன்னால
படகு ஏதும் தொங்குதா?"

இல்லை.
எழுதி வாங்கியிருக்கிறேன்.