ஓர் அணிக்கு அறுபது சொல்

நள்ளிரவுக்குள் அனுப்பு என்கிறான் தௌஃபிக்.
ஆறு அணி. ஓர் அணிக்கு அறுபது சொல்.
நடுநிலை முக்கியம், மறந்துவிடாதே.

புக்கிட் பாத்தோக்கில்
எங்கள் புளோக்கின் கீழ்த்தளம். கல்மேசை.
மூன்றாண்டு ஸ்கோர் தாள்கள்,
பறக்காமலிருக்க மேலே ஒரு மைலோ டின்.

ஜூரோங்கில் தொடங்குகிறேன், அது எளிது.
பத்தில் ஒன்பது வெற்றி.
டெஸ்மண்ட் கோ கோட்டுக்கு வெளியே கையை உயர்த்தினால்
பந்து வலையைத் தொடுமுன்பே
மேசையில் நாங்கள் மூன்று என்று எழுதிவிடுவோம்.
ஒரே ஒருமுறை அடித்துத் திருத்தினேன்.
ஆட்டம் முடிந்ததும் வந்து
அந்தத் திருத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனான்.

தெம்பனீஸ் ஓடும்.
பெஞ்சில் இருப்பவர்களும் ஓடுவார்கள்.
நான்காம் குவாட்டரில் எதிரணியின் கைகள்
முழங்காலில் ஊன்றும்போதுதான்
அவர்களுக்கு ஆட்டம் ஆரம்பம்.
இதில் பொய் இல்லை. சுவையும் இல்லை. இருக்கட்டும்.

செங்காங்குக்கு உயரம் போதாது.
இதை மரியாதையாக எப்படி எழுதுவது?
நடுவில் நிற்கும் கீர்த்திவாசன் நூற்று எழுபத்தெட்டு சென்டிமீட்டர்.
மற்ற அணிகளின் அக்குள்களை
அவனளவு அறிந்தவர் இந்த லீகில் இல்லை.
அவன் தாவுவதில்லை, இடம் பிடிக்கிறான்,
காலை எட்டு மணி ரயிலில் ஏறுபவனைப்போல
முதுகால் தள்ளி, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு.
ஆட்டத்துக்கு எட்டு ரீபவுண்ட்.

புக்கிட் பாஞ்சாங்கின் பத்தாம் எண் என் தம்பி செழியன்.
'பத்தாம் எண் ஃப்ரீ த்ரோவில் தடுமாறுகிறார்' என்று எழுதினேன்.
அழித்தேன்.
மறுபடி எழுதினேன்.
இனி ஒரு மாதம் பாத்திரம் கழுவுவது நான்தான்.

ஈஷூன் பத்தில் பூஜ்யம்.
அரங்கத்தைப் பூப்பந்துக்காரர்கள் முன்பதிவு செய்துவிடுவதால்
திறந்த கோர்ட்டில் பயிற்சி.
மின்னல் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பந்தைப் பையில் போட வேண்டும்.
நவம்பர் முழுக்க எரிந்தது.
கடைசி ஆட்டத்தில் ஒரே புள்ளியில் தோற்றபோது
கட்டிப்பிடித்துக் கத்தினார்கள்;
வென்றவர்கள் குழம்பிப் போய்ப் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள்.
திங்களன்று அவர்களுக்கு எதிரே உட்லண்ட்ஸ்.

உட்லண்ட்ஸ்.

இஸ்ஸுதீன், பதினைந்தாம் எண்.
சராசரி இருபத்திரண்டு, பிளாக் மூன்று,
விழுந்தவன் எந்த அணி என்று பார்க்காமல் தூக்கிவிடுபவன்.
திங்கள் ஜெயித்தால் புதன் அரையிறுதி.
புதன் ஜெயித்தால் வெள்ளி இறுதி.
நடுவில் ஒரு வியாழன் இருக்கிறது.
அன்று காலை பாசிர் ரிஸில் பஸ் ஏறி,
அம்மா அப்பாவோடு படகில் தெக்கோங் போகிறான்.
மதியத்துக்குள் மொட்டைத் தலை.
தேசிய சேவைத் தேதி
கூடைப்பந்துக்காக நகராது.

நேற்று பயிற்சி முடிந்து மேசைக்கு வந்தான்.
தண்ணீர் போத்தலைத் திறந்தான், குடிக்கவில்லை.
வெள்ளிக்கிழமைத் தாளில்
என் பெயரை எழுதலாமா, ஆடாவிட்டாலும்?

பன்னிரண்டு பெயர் எழுதலாம் என்றேன்.
வராதவன் பெயரை எழுதக்கூடாது என்று
விதியில் எங்காவது இருக்கும்.
நான் தேடவில்லை.

முதல்ல வெள்ளிக்கிழமைக்கு வாங்க, என்றேன்.
சிரித்தான்.
அதற்குத்தானே அக்கா, என்றான்,
நான் இல்லாத ஆட்டத்துக்கு
இவங்களைக் கொண்டு விடத்தானே.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன்.
உடனே பதில்:
ஜூரோங் நாற்பத்து நாலுதான் இருக்கு, உட்லண்ட்ஸ் எழுபத்தாறு?

கடன் வாங்கினேன் என்று தட்டினேன்.
வெட்டட்டுமா?
வெட்டாதே.

மைலோ டின்னை எடுத்தேன்.
காற்று இல்லை.
தாள்கள் அப்படியே கிடந்தன.