ஒன்பது நாள் கடல்

மார்ச் கடைசியில் பெட்டி வந்துவிட்டது.
இரண்டு டிகிரிக்கும் எட்டுக்கும் நடுவில்
முள் அடங்கிக் கிடக்க வேண்டிய பெட்டி.
நூற்றுப் பதினான்கு ஊசி,
சிலியின் தெற்கே ஒரு பொடித் தீவுக்கு.

மே மாதம் எங்களுக்குக் கூதிர்.
உடம்பு பாடம் படிக்க இரண்டு வாரம்.
பின்னாலிருந்து எண்ணினால்
ஏப்ரல் பத்துக்குள் எல்லாத் தோளும் முடிந்திருக்க வேண்டும்.
தாளில் எளிது.

பெரியாஸ்பத்திரி முத்திரைக்குக் காத்ததில் ஒரு வாரம்.
ஐந்தாம் தேதி வடகாற்று.
துறைமுகத்தை மூடினார்கள்.
படகுக்காரர் பெலார்மினோ எஞ்சினைத் துடைத்தார்,
துடைத்ததையே துடைத்தார்.
நான் ஐஸ் மாற்றினேன்,
காலையும் மாலையும் முள்ளைப் பார்த்துக் குறித்தேன்:
நான்கு, நான்கு, ஐந்து, நான்கு.
ஒன்பது நாளும்
காய்ச்சல் கடலுக்குத்தான்.

போய் இறங்கினால்
தீவே ஆப்பிள் பிழிந்துகொண்டிருக்கிறது.
"செக்கு ஓயட்டும், அப்புறம் வா" என்றாள் எதெல்மிரா.
முழங்கைவரை சாறு.
சட்டைக் கையை மேலேற்ற
இன்னொருத்தி வர வேண்டியிருந்தது.
சக்கை புளிக்கும் கொட்டகையிலேயே
நின்றவாக்கில் போட்டேன்.
வலிக்கவில்லை என்றவர்கள் எல்லோரும் பொய்யர்கள்.

கிழவர் ஒருவர் மட்டும் பேரம் பேசினார்:
"போன வருஷம் சீக்கிரம் போட்டுவிட்டாய்.
ஆகஸ்டில் மருந்து என்னைக் கைவிட்டது."
தப்பென்று சொல்ல என்னிடம் வாயில்லை.
ஆகஸ்டோடு ஆகஸ்டில் சண்டை போடலாம்,
பொத்தானைக் கழற்றுங்கள் என்றேன்.

மிச்சம் பதினாறு பேர்.
சால்மன் கூண்டுகளில் இரவுக் காவல்,
திரும்புவது வெள்ளிக்கிழமை.
பள்ளிக்கூட பெஞ்சில் படுத்துக் காத்திருந்தேன்.
மழை.
தலைமாட்டில் பெட்டி,
பச்சைப்பிள்ளை மாதிரி
இரண்டு முறை எழுந்து பார்க்க வைத்தது.

வெள்ளி மாலை
படகிலிருந்து முதலில் இறங்கியது இருமல்,
பிறகுதான் யெர்கோ.
"வெறும் ஜலதோஷம்" என்றான்.
நான் வாய் திறக்குமுன்
அவன் அம்மா எதெல்மிரா
அவனைக் கட்டிக்கொண்டுவிட்டாள்.
அவளுக்கு ஊசி போட்டது செவ்வாய்.
மூன்று நாள்.
விரல் தானாக மடங்கியது.

கொட்டகையில் விளக்கு ஏற்றினார்கள்.
புதுச் சாறு, பிழிந்த அன்றைய இனிப்பு.
ஒரே கோப்பைதான் சுற்றும் இங்கே,
ஊரில் இல்லாதவனுக்கு முதல் மிடறு.
அவன் உதட்டுக்குக் கொண்டுபோனான்.

நான் எழுந்தேன்.
வீட்டில் இருக்கிற கோப்பை எல்லாவற்றையும்
கொண்டு வா என்றேன்.

ஓடிப்போய்க் கொண்டுவந்தாள்.
நாங்கள் நாற்பது பேர்.
ஏழு இருந்தன.