கழுதை நின்ற நேரம்

மூன்று மணிக்கே விழித்துவிட்டேன்.
ஓட்டல் சலவைக்கூடத்துக்குப் பல்வலி என்று
நேற்றே சொல்லியாயிற்று.
போன மாதமும் பல்வலிதான்.
மேலாளர் ரமோனா கணக்கு வைத்திருந்தால்
இந்நேரம் என் வாயில்
பல்லே இருக்கக் கூடாது.

லாஸ் குரூசெஸிலிருந்து வடக்கே எண்பது மைல்.
தார் முடிந்து சரளை,
சரளை முடிந்து மணல்,
மணலில் ஒரு சங்கிலி.
சங்கிலிக்கு இந்தப் பக்கம் நாங்கள்:
தண்ணீர் லாரி ஓட்டும் வெண்டல் பெனாலி,
பைனாகுலரை யாருக்கும் தராத ஒரு பல் மருத்துவர்
(அவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்),
மடக்கு நாற்காலியில் டெல்ஃபினா, மடியில் நூற்கண்டு.
ஒலிபெருக்கி "ஒத்திவைப்பு" என்னும்போதெல்லாம்
ஒரு வரிசை பின்னுவாள்.
இரண்டு வருடத்தில்
அவள் வீட்டில் எல்லோருக்கும்
கம்பளிச் சட்டை கிடைத்துவிட்டது.

அந்தப் பக்கம், முக்கால் மைலில், அது.
நான்கு கால், இரண்டு உருண்டைத் தொட்டி,
வயிற்றுக்கடியில் ஒற்றைப் புனல்.
கழுதை என்றுதான் பெயரே.
பணம் தருகிறேன் என்றவர்கள்
ஒவ்வொருவராய்க் கழன்றுகொள்ள
எட்டடியாய் வரைந்தது ஐந்தடி ஆயிற்று,
ஒன்பது பேர் மூன்று பேர் ஆனார்கள்.
தேய்ந்தது உண்மை.
கட்டெறும்பாகவில்லை இன்னும்.

எழ வேண்டும். நகர வேண்டும்.
தொண்ணூறு நொடி மண்ணைத் தொடாமல் இருந்து
அடுத்த காங்கிரீட் திட்டில் இறங்க வேண்டும்.
எரிபொருள் ஊற்றிக்கொண்டு
வந்த வழியே திரும்ப வேண்டும்.
"மேலே போகிறதெல்லாம் ஒரு வித்தையா?
ஒரே இடத்தில் நிற்கச் சொல், பார்ப்போம்"
என்கிறான் வெண்டல், காப்பியை ஊதியபடி.

ஆறு நாற்பது: காற்று.
ஏழரை: காற்றேதான்.
எட்டேகால்: வால்வு உறைந்துவிட்டது.
மார்லிஸ் ஆப்டன் நீட்டுக் கம்பியில்
தலைமுடி உலர்த்தும் கருவியைக் கட்டி
அதற்குச் சூடு காட்டினாள்.
டெல்ஃபினாவின் மடியில் ஒரு கை முழுசாய் முடிந்தது.

பிறகு, முன்னறிவிப்பே இல்லாததுபோல்,
எழுந்தது.
தீ தெரியவில்லை.
சாராயத்துக்குப் பகலில் நிறம் கிடையாது.
பின்னாலிருந்த மலை மட்டும் நெளிந்தது.
சத்தம் மூன்றரை நொடி கழித்து வந்து
நெஞ்செலும்பில் உட்கார்ந்தது.
கட்டைவிரலடியில் என் ஓட்டக்கடிகாரம்.
தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு.
இறங்கிவிட்டது!
பல் மருத்துவர் பைனாகுலரை
யாரென்று பாராமல் என்னிடம் நீட்டினார்.

திரும்பும் பாதி.
நாற்பது. ஐம்பது.
ஐம்பத்தெட்டில் ஒரு தலையசைப்பு,
வேண்டாம் என்பதுபோல.
சரிசெய்துகொண்டது. மறுபடி அசைந்தது.
சாய்ந்தது.
புழுதி கிளம்பியது.
ஆனால் முழக்கம் எங்களிடம்
அப்போதும் வந்துகொண்டேயிருந்தது,
நின்றுகொண்டிருக்கும் ஒன்றின் முழக்கம்.
கண்ணுக்கு முடிந்துபோனது
காதுக்கு முடியாமலிருந்த மூன்றரை நொடி.
வெண்டல் தொப்பியைக் கழற்றவுமில்லை,
போடவுமில்லை, பிடித்தபடி நின்றான்.
அப்புறம்தான் அந்தத் தகர ஓசை.

பதினொரு மணிக்குச் சங்கிலியை அவிழ்த்தார்கள்.
துண்டுகள் பொறுக்க ஆள் போதவில்லை.
மூன்று வருடமாய் எட்டிப் பார்த்த மணலில்
வாளியோடு வரிசையாய் நடந்தோம்.
முட்செடியடியில் ஒரு திருகாணி கண்டேன்.
இன்னும் சூடு.
சட்டைப்பைக்குப் போக இருந்த கையை
வாளிக்குத் திருப்ப
கொஞ்சம் நேரம் பிடித்தது.

மார்லிஸ் புகைபடிந்த ஒரு பெட்டியைத் திறந்து
உள்ளே பார்த்துவிட்டு மூடினாள்.
"பதிவெல்லாம் போச்சு. கடிகாரம் பிடித்தவர்கள் யாராவது?"
அறுபத்திரண்டு புள்ளி எட்டு என்றேன்.
என் குரல் எனக்கே புதிதாயிருந்தது.
பேனாவை உதறி, உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.
நன்றிகூடச் சொல்லவில்லை.
"அசைவு எப்போது ஆரம்பித்தது?" என்றாள்.

மறுநாள் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது
ரமோனா கேட்டாள், பல் என்னவாயிற்று?
விழுந்துவிட்டது, என்றேன்.
"அடுத்தது எப்போது?"
அக்டோபர், என்று வாய் முந்திக்கொண்டது.
அவள் நாட்காட்டியைப் புரட்டினாள்.
"தேதி சொல்."